விதி ஏழும் ஏவ்ரிலின் கேக்கும்

எங்கள் ஆஸ்கிள்பி ஊர்க் கண்காட்சியின் கேக் அலங்காரப் போட்டிக்குச் சென்ற வருடம் ஏழாவது விதி ஒன்று சேர்க்கப்பட்டது. 'ஐசிங்குக்கு மட்டுமே மதிப்பெண். உள்ளே தெர்மாகோல்தான் இருக்க வேண்டும். நிஜ கேக்கின் வாசனை நடுவர்களின் நடுநிலையைப் பாதிக்கும்.' எழுதியவன் கமிட்டிச் செயலாளரான நான்தான்.

ஏவ்ரில் தாக்ரே அதற்குள் இரண்டு முறை கோப்பை வாங்கியிருந்தார். மூன்றாம் முறையும் வாங்கினால் கோப்பை நிரந்தரமாக அவருக்கே. அதற்கும் புது விதிக்கும் சம்பந்தமில்லை என்று கூட்டக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

ஏவ்ரில் கோட்டின் மேல் கோடாக ஐந்து அடுக்கு ஐசிங் பிழிவார். ஒரு கோடு காய்ந்த பிறகுதான் அடுத்த கோடு. ஒரு கேக்குக்கு ஒன்பது நாள் ஆகும். அந்த வருடமும் அப்படித்தான் கொண்டுவந்து வைத்தார். தலைவர் டெஸ்மண்ட் ஸ்வெட்டர் பின்னும் ஊசியை எடுத்து அதில் குத்தினார். ஊசியில் உலர்திராட்சை ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஏவ்ரில், என்னங்க இது?"

"கேக்."

"கேக் போட்டிக்கு கேக் கொண்டு வந்தா எப்படி?"

"தெர்மாகோலுக்கு ஒன்பது நாள் ஐசிங் பிழிய எனக்கென்ன பைத்தியமா?"

டெஸ்மண்ட் என் பக்கம் திரும்பினார். "ஒரு திராட்சையை வச்சு முடிவு பண்ண முடியாது. ஆதாரம் வேணும்."

ஆதாரம் திரட்ட எட்டுப் பேர் கொண்ட துணைக்குழு உடனே அமைக்கப்பட்டது. முதல் துண்டில் சந்தேகம் தீரவில்லை. இரண்டாவதுக்கு டீ தேவைப்பட்டது. மூன்றாவதைப் பார்வையாளர்களின் கருத்தறியக் கொடுத்தோம். வயிறு நிறைந்ததும், இது கேக்தான் என்று ஏகமனதாக முடிவு செய்து தகுதி நீக்கம் செய்தோம். ஏவ்ரில் காலித் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மீசையில் ஒட்டிய ஐசிங்கைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த வருடம் எல்லோருமே கோட்டுப் பையில் முள்கரண்டியோடு வந்தோம். விதியை அவர் மீறுவார் என்று அவ்வளவு நம்பிக்கை. டெஸ்மண்ட் ஆசையாக ஊசியைக் குத்தினார். வெள்ளை உருண்டை ஒன்று வந்தது.

"விதிப்படிதான் இருக்கு" என்றார். கையிலெடுத்த முள்கரண்டியை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

கோப்பையைக் கொடுத்தோம். வேறு வழி? அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்த ஏவ்ரில், ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்துப் பரிசு பெற்றதை எட்டுத் துண்டு போட்டார். கமிட்டிக்கு ஆளுக்கொரு தட்டு.

"பயப்படாம சாப்பிடுங்க டெஸ்மண்ட். வாசனையே வராது."

அவர் வாசல் தாண்டும் வரை பொறுத்திருந்தோம். பிறகு ஐசிங்கை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு, விதி ஏழு அப்படியே நீடிக்கட்டும் என்று தீர்மானம் போட்டோம்.