முழங்கால் சுற்றளவு குறித்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே வலது முழங்கால் நீங்கலாக எல்லோரும் நலம். அங்கே அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்த மாதம் உங்களுக்கும் முழங்காலில் அறுவை சிகிச்சை என்று எழுதி, அதன்பிறகு எப்போது கைப்பந்து ஆடலாம் என்று கேட்டிருந்தீர்கள். இருபத்தாறு வருடமாக எடை அளவு ஆய்வாளராக இருப்பவன் என்ற முறையில், நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் தெரிவிக்கிறேன்.

என் வலது முழங்காலில் கிழிந்த சவ்வைத் தைத்த ஐந்தாம் மாதம், பிசியோதெரபி டாக்டரம்மா என்னை பேட்மிண்டன் ஆட அனுமதித்தார். "முதல்ல பத்து நிமிஷம். வலிக்குதான்னு மட்டும் பாக்காதீங்க சார், மறுநாள் காலைல வீங்கியிருக்கான்னு பாருங்க. ரெண்டு முட்டியையும் அளந்து எழுதி வைங்க. வீக்கம் ஏறியிருந்தா, அது இறங்குற வரைக்கும் கோர்ட் பக்கம் போகக்கூடாது" என்றார். தெளிவான உத்தரவுதான். ஆனால் பத்து நிமிடம் என்பது எந்தப் பத்து நிமிடம் என்று அவர் சொல்லவில்லை. இறகுப்பந்து காற்றில் இருக்கும் நேரம்தான் ஆட்டம், அதைக் குனிந்து பொறுக்கும் நேரம் ஆட்டமாகாது என்று நான் பொருள் கொண்டேன். என்னோடு பதினொரு வருடமாக ஜோடி சேர்ந்து ஆடும் தபால் அலுவலக குமாஸ்தாவும் (இடதுகை என்றால்தான் கிளப்பில் தெரியும்) இதை ஏற்றுக்கொண்டார். அந்தக் கணக்கில் நான் ஆடியது ஒன்பதரை நிமிடம். கடிகாரத்தின் கணக்கில் ஒரு மணி பத்து நிமிடம்.

மறுநாள் காலை வீக்கத்தில் முட்டிச்சில்லைக் காணவில்லை. வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கும் என் மனைவி கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, சட்டைக்கு அளவெடுப்பது போல அளந்தாள். இடது முப்பத்தொன்பது சென்டிமீட்டர், வலது நாற்பத்தொன்று. நான் அந்த அளவை ஆட்சேபித்தேன். துணி டேப் நாளாக ஆக இழுபடும், அதைச் சான்றாகக் கொள்ள முடியாது என்றேன். அவள் டேப்பை என் கையில் கொடுத்தாள். நொண்டிக்கொண்டே அலுவலகம் போய் இரும்பு அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். சந்தேகம் சரிதான், டேப் நூற்றுக்கு இரண்டு இழுபட்டிருந்தது. அந்த வெற்றி மாடிப்படி இறங்கும்வரை இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: இழுபட்ட டேப் குறைத்துத்தான் காட்டும். உண்மை வீக்கம் அதைவிட அதிகம்.

சாயங்காலம் மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். "நல்ல முட்டியையும் இதே டேப்புலதானே அளந்தேன்? அளக்குறதும் இதாலதான், துணி வெட்டக் குறிக்குறதும் இதாலதான். அதனால யாரோட சட்டையும் கெடல. உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றாள். டேப்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்புறம் இரண்டு வாரம் கோர்ட் கிடையாது. துணியில் சுற்றிய ஐஸ் ஒரு நாளைக்கு மூன்று தடவை, கால் மணி நேரம். நெஞ்சுக்கு மேலே கால் இருக்கும்படி மூன்று தலையணை. அந்தக் கோலத்தில் படுத்துக்கொண்டு ஆபீஸ் ஃபைல் பார்த்தால் எழுத்தெல்லாம் மூக்கில் விழுகிறது. வீக்கம் வடிந்தபின் ஐந்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் ஏற்றி, இப்போது இருபது. மனைவி அலாரத்தோடு கோர்ட் ஓரம் உட்கார்ந்து பட்டன் தைப்பாள். மணி அடித்தால் பந்து எங்கே இருந்தாலும் நான் வெளியே. ஐந்து வாரமாக வீக்கம் ஏறவில்லை.

போன வாரம் இடதுகை வீட்டுக்கு வந்தார். "மூத்தோர் இரட்டையர் போட்டி சார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் குடுக்கணும். என்ன சொல்றீங்க?"

"வேற ஆளைப் பாத்துக்குங்க."

"யாரைப் பாக்குறது?"

"முட்டி நல்லா இருக்குற ஆளா பாருங்க."

பக்கத்து அறையில் மனைவியின் தையல் மெஷின் நின்றது. இடதுகை தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. ஐம்பத்து நான்கு வயதில் போட்டி எதற்கு? உடம்பு ஓர் எல்லை சொன்னால் அதை மனப்பக்குவத்தோடு ஏற்க வேண்டும். நீங்களும் அப்படியே ஏற்று, தொலைக்காட்சியில் கைப்பந்து பார்த்து நிறைவடையும்படி கேட்டுக்கொள்கிறேன். அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் மடங்கும் மூட்டுகளோடும் வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

பி.கு.: தபாலில் போடப் போகும் வழியில் கிளப் அறிவிப்புப் பலகையைத் தற்செயலாகப் பார்த்தேன். பட்டியலில் இடதுகையின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. வியாழக்கிழமையே கொடுத்துவிட்டது என் மனைவியாம். வீடு திரும்பிக் கேட்டால், "டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் குடுத்தேன். ஒரே செட்டுதான், ஆடலாம்னாங்க. நீங்க ஒரு வாரமா எதையோ பறிகொடுத்த மாதிரி மூஞ்சியை வச்சிருந்தா நான் எப்படித் தைக்கிறது?" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதில் ஐஸ் பற்றியும் வீக்கம் பற்றியும் உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளவும். மனப்பக்குவம் பற்றியதை அடித்துவிடவும்.