பின்பக்கமாய் ஓடிய எஞ்சின்

ஒரே ஒரு வருஷம் இயந்திரக் கல்வி படித்தவனைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. படிக்காதவனுக்குப் பயம் இருக்கும், முழுதாகப் படித்தவனுக்கு அறிவு இருக்கும். எனக்கு இரண்டும் இல்லை, மீசை மட்டும் இருந்தது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். சென்னையில் முதலாண்டை முடித்துவிட்டு வில்லியனூருக்கு விடுமுறையில் வந்தவன், பாகூர் அமிர்தவல்லியைப் பார்த்துத் தொலைத்தேன். அதோடு சோறு இறங்கவில்லை. அவள் அப்பா சதாசிவம் பெரிய கரும்பு விவசாயி. மாடு சுற்றும் ஆலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கப்பலில் வந்த எண்ணெய் எஞ்சினையும் புது ஆலையையும் வாங்கிப் பூட்டியிருந்தார். ஓட்டத்தான் ஆளில்லை. அவரிடம் பெண் கேட்டுப் போய் நின்றேன்.

"நீ இன்னா படிச்சியோ எனக்குத் தெரியாது தம்பி. இதை ஓட்டிக் காட்டு, பொண்ணைக் குடுக்கறேன். இல்லன்னா மறந்துடு" என்றார்.

("பூ, இவ்வளவுதானா!" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம்.)

நல்ல நாள் பார்த்தார்கள். கொம்யூன் என்ற ஊராட்சிக்குத் தலைவரான மேர் உட்பட ஊரே கூடிவிட்டது. சதாசிவம் எஞ்சினுக்குப் பொட்டு வைத்துவிட்டு, கையில் கரும்போடு ஆலைக்கு முன்னால் நின்றார். ஆலைக்குப் பின்னால் பழைய சக்கை மலை மாதிரி குவிந்து கிடந்தது.

எஞ்சின் தலையிலுள்ள இரும்புக் குமிழைச் சிவக்கக் காய்ச்சி, பெரிய சக்கரத்தை ஒரே வீச்சில் சுற்றிவிட வேண்டும். சுற்றினேன். வீச்சு போதவில்லை. சக்கரம் பாதி தூரம் போய், முறைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பி, 'டபுக் டபுக்' என்று ஓட ஆரம்பித்தது. ஊர் கைதட்டியது. நானும் கும்பிட்டேன்.

சதாசிவம் கரும்பை உள்ளே தள்ளினார். ஆலை வெளியே தள்ளியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ள, ஆலை பின்னாலிருந்த சக்கையையெல்லாம் இழுத்து அவர் முகத்தில் துப்பியது. மேர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"நிறுத்துடா!" என்று அலறினார் சதாசிவம்.

ஐயோ, நிறுத்துவது இரண்டாம் வருஷப் பாடம்!

"இது புது மாதிரி எஞ்சின் மாமா. ரெண்டு பக்கமும் ஓடும்" என்றேன் கம்பீரமாக.

அவர் தலையிலிருந்த சக்கையை எடுத்தார். "ஓகோ! அப்ப சக்கையைப் போட்டா கரும்பு வருமா?"

எண்ணெய் தீர்ந்துதான் அது நின்றது. "கெளம்புப்பா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அமிர்தவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "இன்னாப்பா, ஓட்டிக் காட்டுன்னுதானே சொன்ன? ஓடுச்சில்ல? எந்தப் பக்கம்னு நீ சொல்லவே இல்லியே!"

ஊர் கொல்லென்று சிரித்தது. சதாசிவம் தோளிலிருந்த சக்கையைத் தட்டிவிட்டு, "சரி, நாள் பாருங்க" என்றார். வாக்கு வாக்குதானே!

தை மாதம் கல்யாணம். தாலி கட்டி, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு அக்கினியைச் சுற்ற எழுந்தேன். பந்தலே அதிர மாமனார் கத்தினார்:

"மாப்ள, வலமா! வலமா சுத்துங்க!"

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளை எழுந்தாலும் யாராவது அப்படிக் கத்தாமல் இருப்பதில்லை. சென்ற ஆண்டு பேரன் கல்யாணத்தில் முந்திக்கொண்டு கத்தியது அமிர்தவல்லி. பையன் ஒழுங்காகத்தான் சுற்றினான். பந்தல் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.