ரைம்ரேபிள் அண்ணையும் பத்துக் கிலோ அரிசியும்

டொரொன்டோவில் உள்ள தமிழர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, கார் வைத்திருப்பவர்கள். மற்றது, ரைம்ரேபிள் அண்ணை.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் எங்கள் பக்கம் ஒருமுறை வந்து பார்க்கட்டும். இரண்டு தெரு தள்ளியிருக்கும் தமிழ்க் கடையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்குவதற்கும் காரை எடுக்கிற சனம் நாங்கள். நானே எடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில், மல்வேர்னில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில், முப்பது வருடமாக ஒரு மனிதர் பஸ்ஸை நம்பியே குடும்பம் நடத்தி வருகிறார். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய ஹெல்த் கார்டுக்கும் மனைவி ஈஸ்வரி அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அக்காவும் அதைச் சொல்லமாட்டார். "இஞ்சாருங்கோ" என்பதோடு சரி. ஏழாம் மாடியில் இருக்கும் எனக்கும் மற்ற எல்லோருக்கும் அவர், பஸ் நேர அட்டவணையைத் தலைக்குள் வைத்திருக்கும் ரைம்ரேபிள் அண்ணைதான்.

பஸ் எப்போது வரும் என்று கைத்தொலைபேசி சொல்கிற காலம் இது. அண்ணை அதை நம்புவதில்லை. ஒருநாள் தரிப்பிடத்தில் ஒரு பிள்ளை போனைப் பார்த்து, "மூண்டு நிமிசத்திலை வருதாம்" என்றாள்.

"இல்லைப் பிள்ளை, ஆறு நிமிசம். இண்டைக்கு வியாழக்கிழமை. உந்த டிரைவர் மோர்னிங்சைட்டிலை இறங்கிக் கோப்பி வாங்கிக்கொண்டுதான் வருவார்" என்றார் அண்ணை.

ஆறு நிமிடம் கழித்து பஸ் வந்தது. டிரைவர் கையில் கோப்பி இருந்தது.

கார் ஓட்ட அவர் முயலவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆறு தடவை ரோட் டெஸ்ட்டுக்குப் போய் ஆறு தடவையும் பெயிலானவர். ஆறுக்கும் ஒரே காரணம். வழியில் வருகிற ஒவ்வொரு பஸ் தரிப்பிடத்திலும் காரை நிறுத்தியிருக்கிறார். பரீட்சைக்கு வந்த அதிகாரி ஏனென்று கேட்டபோது, "சனம் நிக்குது, பாவமெல்லே" என்றாராம். ஆறாம் முறை ஒரு கிழவி பின்கதவைத் திறந்து ஏறியே விட்டாள் என்று ஒரு கதை உண்டு. அண்ணை அதை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அவருடைய இன்னொரு பழக்கம் ஒத்திகை. புதிய இடத்துக்குப் போவதென்றால் ஒரு வாரம் முன்னதாகவே அதே கிழமை, அதே நேரம், அதே உடுப்போடு ஒருமுறை போய்வந்து விடுவார். என் மகளின் கலியாணம் விட்பியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அண்ணை முந்தின சனிக்கிழமையே பட்டு வேட்டி சால்வையோடு ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் போய் இறங்கியிருக்கிறார். அன்றைக்கும் அங்கே யாரோ ஒரு தமிழ்ப்பிள்ளையின் கலியாணம். பட்டு வேட்டிக்காரரை வாசலில் யார் மறிப்பார்கள்? பன்னீர் தெளித்துக் கூட்டிப்போய் முன்வரிசையில் இருத்தி, அட்சதையும் போடவைத்து, பந்தியிலும் இருத்தியிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் நேரே என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, போக்குவரத்து ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனா அவையின்ரை கத்தரிக்காய்ப் பால்கறி திறம். நீரும் அடுத்த கிழமை அந்த அளவுக்குச் செய்யப் பாரும்."

இப்படிப்பட்டவர் கடந்த தை மாதம் ஒருநாள் முகம் வாடிப்போய் என் வீட்டுக்கு வந்தார்.

விஷயம் முப்பது வருடம் பழையது. கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், தொலைக்காட்சியில் யாரோ பனிமலையில் சறுக்கி வருவதைப் பார்த்து, "இதிலை ஒருக்கா எண்டாலும் சறுக்கிப் பாக்கோணும்" என்று ஈஸ்வரி அக்கா சொல்லியிருக்கிறார். "கார் வாங்கினாப் பிறகு கட்டாயம் போவம்" என்று அண்ணையும் சொல்லிவிட்டார். கார் வரவில்லை. அக்காவும் பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அக்காவின் முழங்காலுக்கு வைகாசியில் ஒப்பரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சறுக்கலாமா என்று அக்காவே டொக்டரிடம் கேட்டிருக்கிறார். "பிறகு பார்ப்போம்" என்றாராம் டொக்டர். எங்கள் ஆட்களிடம் யாராவது "பிறகு பாப்பம்" என்றால் அதன் அர்த்தம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. முழங்காலுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண்பிள்ளை மட்டும் கொஞ்சம் இரங்கி, "சின்னப்பிள்ளைகள் பழகுகிற சரிவில், ஆள் பக்கத்தில் நிற்க, ஒரே ஒரு தடவை, விழாமல்" என்று அனுமதி கொடுத்திருக்கிறாள்.

"இவ்வளவு காலத்திலை அவ என்னட்டை வாய்விட்டுக் கேட்டது இந்த ஒண்டுதான் தம்பி. இந்தப் பனிக்குள்ளை கூட்டிக்கொண்டு போகாட்டி இனி இல்லை" என்றார் அண்ணை.

"அண்ணை, என்ரை கார் கீழை சும்மாதானே நிக்குது. இந்த ஞாயிறே போவம்."

"வேண்டாம். நான் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னனான். உம்மடை காரிலை போனா நீர் கூட்டிக்கொண்டு போனதாத்தான் இருக்கும்."

பிடிவாதத்தில் அண்ணையை வெல்ல முடியாது. வடக்கே இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு பனிச்சறுக்கு மலைக்கு, கார் இல்லாதவர்களுக்காக ஞாயிறுதோறும் யங் தெருவிலிருந்து காலை ஏழு மணிக்கு ஒரு கோச் பஸ் புறப்படுவதைக் கண்டுபிடித்தார். மல்வேர்னிலிருந்து ஷெப்பேர்ட் வரை ஒரு பஸ், அங்கிருந்து யங் வரை இன்னொன்று, பிறகு நடை. ஞாயிற்றுக்கிழமை சப்வே ரயில் எட்டு மணிக்குத்தான் கண்விழிக்கும் என்பதால் அதை நம்பக்கூடாது. எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். அந்தப் பஸ் வராவிட்டால் எந்தப் பஸ், அதுவும் வராவிட்டால் என்ன என்று நாற்பது பக்கம். தையில் கடும் குளிர், மாசியில் அக்காவுக்குத் தடிமனும் இருமலும், பங்குனியில் அண்ணைக்கு நோட்டுப் புத்தகம் எழுதி முடியவில்லை. கடைசியில் பார்த்தால் அந்த வருடத்தின் கடைசிக் கோச் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. அண்ணை தினமும் காலையில் அந்த மலைக்குத் தொலைபேசி எடுத்து, பனி இருக்கிறதா என்று நலம் விசாரித்தார். இரண்டாம் வாரத்தில், இவர் ஹலோ சொல்லுமுன்பே மறுமுனையில் இருந்த பெண், "இருக்கிறது ஐயா, இன்னும் இருக்கிறது" என்று சொல்லப் பழகிவிட்டாளாம். வியாழக்கிழமை மழை கொட்டியது. அண்ணை பல்கனியில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்களுக்குத்தான் மழை. அங்கை பனியாத்தான் கொட்டும்" என்றார். வானிலை அறிக்கை வேறுவிதமாகச் சொன்னது.

அதற்கு முந்தின ஞாயிறு ஒத்திகை நடந்தது. பழைய துணிக் கடையில் எடுத்த செம்மஞ்சள் நிறப் பனிக் காற்சட்டை, தலையில் யாருடையதோ ஹொக்கி ஹெல்மெட், தோளில் பத்துக் கிலோப் புழுங்கலரிசி மூட்டை. அப்படியே பஸ் ஏறியிருக்கிறார்.

"அரிசி ஏன் அண்ணை?"

"சாமான் பை உந்தப் பாரம்தான் வரும். வெறுங்கையோடை நடந்து பாத்தா நேரம் பிழைக்கும். யங் தரிப்பிலை இறங்கினா கோச்சடிக்கு நாலு நிமிசம். ஆறு நிமிசம் மிச்சம்."

கடைசி நேரத்தில் அக்கா ஒரு சிக்கலைக் கொண்டுவந்தார். ஞாயிறு விடியப்புறம் பயணம் வெளிக்கிட நேரம் சரியில்லை என்று கடைக் கலண்டர் சொன்னது. இதற்கு எங்களிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. நல்ல நேரம் பார்த்துப் பயணப் பையை மட்டும் முதலே வெளியில் அனுப்பிவிட்டால், நாங்களே புறப்பட்ட கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். சனிக்கிழமை பின்னேரம் நல்ல நேரத்தில் பை ஒன்பதாம் மாடியிலிருந்து என் ஏழாம் மாடிக்குப் பயணம் செய்தது. அப்படி வைத்த பையைப் போய்ச் சேரும்வரை திறக்கக்கூடாது என்பது அக்கா வீட்டு வழக்கம். பத்திரமாக இருக்கட்டும் என்று அண்ணை நோட்டுப் புத்தகத்தையும் அதற்குள் வைத்துவிட்டார்.

பை தூக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. ஞாயிறு விடிய முதல் பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது, இரண்டாவதும் வந்தது. ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்க யங் தெருவில் இறங்கினோம். அண்ணை சேனைத்தளபதி மாதிரி முன்னே நடந்தார். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால், அக்கா இன்னும் தரிப்பிடத்திலேயே நின்றார்.

பஸ்ஸில் நெடுநேரம் மடக்கியிருந்த முழங்கால் நீட்ட வரவில்லை. நடைபாதையில் உருகிய பனித் தண்ணீர் வேறு. ஒவ்வோர் அடிக்கும் நின்று, பார்த்து, வைத்து வந்தார். அகலமான தெருவைப் பாதி கடக்கும்போது சிக்னல் மாறிவிட்டது. நடுத்தெருவில் இருந்த திட்டில் மூவரும் நின்றபோது ஏழு மணி.

"அண்ணை, நீங்கள் ஓடிப்போய் கோச்சை மறியுங்கோ. நான் அக்காவோடை வாறன்" என்றேன்.

"நான் ஓடினா அவவும் ஓடப் பாப்பா" என்றார். கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். அவர் கை வெறுமையாக இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நோட்டிலை வேறை வழி எழுதியிருப்பியள். பையைத் திறப்பமோ?"

"வேண்டாம், அவ மனம் நோவா." பிறகு மெல்லிய குரலில் சொன்னார். "அரிசிக்கு முழங்கால் இல்லைத் தம்பி. நான் அதை யோசிக்கேல்லை."

சிக்னல் மாறியது. அக்காவின் கையைப் பிடித்து மறுகரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு, முப்பது வருடத்தில் யாரிடமும் கேட்காததை என்னிடம் கேட்டார்.

"உம்மடை காரை எடுத்துக்கொண்டு வருவீரே?"

கேட்டது சின்ன உதவிதான். ஆனால் அந்த மனிதர் அதைக் கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை. ஓம் என்று தலையை ஆட்டினேன்.

"இஞ்சாருங்கோ, இவ்வளவு தூரம் வந்திட்டம். அந்த மூலைமட்டும் போய்ப் பாத்திட்டுத் திரும்புவம்" என்றார் அக்கா.

மூலை திரும்பினோம். கோச் நின்றது.

தாடி வைத்த ஒரு பெரிய மனிதர் கதவடியில் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணையைக் கண்டதும் ஆங்கிலத்தில் அவர் கேட்ட முதற் கேள்வி, "அரிசி எங்கே?" என்பதுதான்.

அவர் கோச் டிரைவர். போன ஞாயிறு ஹெல்மெட்டும் அரிசி மூட்டையுமாக வந்த ஒருவர், "இன்று நான் ஏறவில்லை, இது ஒத்திகை, அடுத்த ஞாயிறு மனைவியோடு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனதை அவர் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். மனைவி சிரித்துவிட்டு, "அவர்கள் வராமல் நீ வண்டியை எடுக்காதே" என்றாளாம். உள்ளே இருந்த இளவட்டங்களுக்கும் கதை தெரிந்திருந்தது. அக்கா படியேறும்போது எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணை ஒவ்வொரு வரிசையாக நின்று மன்னிப்புக் கேட்டார். தன்னால் ஒரு பஸ் பிந்திவிட்டது என்ற துக்கம் பாரி நகரம் தாண்டும்வரை அவருக்கு ஆறவில்லை.

மலையில் பாதி சேறு. வியாழன் மழை அங்கேயும் மழையாகத்தான் பெய்திருக்கிறது. ஆனால் சின்னப்பிள்ளைகளின் சரிவில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு வெள்ளை மிச்சம் இருந்தது. அங்கே சறுக்கப் பழக்குகிற பெண்பிள்ளை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றாள். அண்ணை கீழே, பஸ்ஸை மறிக்கிறவர் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார். அக்கா வந்தார். பொட்டும் கம்பளித் தொப்பியுமாக, நிமிர்ந்து, விழாமல், வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்து, அந்த நீட்டிய கைக்குள் நின்றார்.

"எத்தினை செக்கன் அண்ணை?" என்று கேட்டேன்.

"பாக்கேல்லை" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா மூச்சு வாங்கினார். பிறகு திரும்பி மேலே பார்த்தார்.

"ஒரு தரம்தான் எண்டெல்லே அந்த உடற்பயிற்சிப் பிள்ளை சொன்னவ?" என்றார் அண்ணை.

"ஓம். இது ஒத்திகை" என்றார் அக்கா.

அண்ணை மறுபடியும் கையை நீட்டிக்கொண்டு நின்றார். இரண்டாவது தடவையும் சறுக்கி முடிந்த பிறகுதான் பையைத் திறந்தோம். கட்டைச் சம்பல் போத்தல் கவிழ்ந்து, நாற்பது பக்கத் திட்டமும் சிவந்துபோய்க் கிடந்தது. அதன்மேல் வைத்துத்தான் புட்டுப் பார்சலைப் பிரித்தோம்.

வைகாசியில் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. "பிறகு பார்ப்போம்" என்ற டொக்டர், இப்போது "பார்க்கலாம்" என்கிறாராம். போன வாரம் வேலையால் வரும்போது, எங்கள் தெருவில் ரைம்ரேபிள் அண்ணை தனியாக நடந்து போவதைக் கண்டேன். ஓர் அடி வைத்தார், நின்றார், நிலத்தைப் பார்த்தார், அடுத்த அடி வைத்தார். காலில் ஏதோ வருத்தம் என்று பயந்துபோய் கண்ணாடியை இறக்கினேன்.

"என்ன அண்ணை? அரிசி மூட்டையைக் காணேல்லை?"

"அது கெதியாப் போகுது தம்பி. வாற மாரிப் பனிக்கு அவவின்ரை நடையிலை நடந்து நேரம் எடுக்கிறன். குழப்பாதையும், எண்ணிக்கொண்டு வாறன்."

காரைக் கரையில் நிறுத்திவிட்டு இறங்கி, அவருக்குப் பக்கத்தில் நானும் அதே மாதிரி நடந்தேன். பஸ் தரிப்பிடத்துக்குப் போய்ச்சேரப் பதினொரு நிமிடம் எடுத்தது. வீட்டுக்குப் போக எனக்கு ஓர் அவசரமும் இருக்கவில்லை.