கியாஸ் அண்ணாச்சியின் ஏப்பம்

பொறாமைக்கென்று ஒரு சமஸ்தானம் இருந்திருந்தால் கியாஸ் அண்ணாச்சியைத் தவிர வேறு யாரும் அதற்குத் திவானாகியிருக்க முடியாது. அடுத்த நாற்காலி எனக்கு. குழித்துறைச் சந்தையில் எதிரெதிரே கோலி சோடாக்கடை போட்டிருந்த எங்கள் இருவருக்கும் பொறாமைதான் முழுநேரத் தொழில். சோடா விற்றது சும்மா ஒரு சாக்கு.

அண்ணாச்சிக்குப் பனைமரத்தின் மேல்கூடப் பொறாமை உண்டு. கலயத்தில் கள் தானாக நுரைப்பதைப் பார்த்தால் முகம் சுண்டிவிடும். "இதுக்கு எவன் திராவகம் ஊத்துனான்? எவன் சக்கரம் சுத்துனான்? சோடா அடைச்சு அடைச்சு நமக்கு மட்டும் தோள்பட்டை கழலுது!" என்பார்.

என் கடையில் சோடா குடித்து யாராவது ஏப்பம் விட்டுவிட்டால் போச்சு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்து, குடித்தவனைப் பிடித்துக்கொள்வார்.

"ஓய், காலம்பற என்ன தின்னீரு?"

"மரச்சீனிக் கிழங்கும் மீனும்."

"அப்படிச் சொல்லும்! இது மரச்சீனி ஏப்பம்லா! இவனுக்க சோடாவுல ஏது ஏப்பம்? வெறும் ஆத்து வெள்ளம்!"

என் சோடாவை ஆற்றுத் தண்ணீர் என்றால் எனக்கு வயிறு பற்றி எரியும். அவர் சொன்னது முழுப்பொய்யாக இருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. அவர் சோடா மூக்கில் ஏறிக் கண்ணைக் கலங்கடிக்கும். கியாஸ் என்று நாங்கள் சொல்லும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து உண்டாகிற கார்பானிக் அமிலத்தின் வேலை அது. குளிர்ந்த தண்ணீரில் அழுத்தி அடைத்தால் வாயு தங்கும், கொஞ்சம் சூடு கண்டால் ஓடிவிடும். அதனால் அண்ணாச்சி விடியுமுன் எழுந்து குளிர்ந்த நீரில் சோடா அடைப்பார். எனக்கு விடிகாலை ஒத்துக்கொள்ளாது. உச்சிவெயிலில்தான் அடைப்பேன்.

போதாததற்கு ஒரு பரீட்சை வேறு வைத்திருந்தார். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, அந்தத் தெளிவில் கொஞ்சம் சோடா விடுவார். பாலாக வெளுக்கும். "கியாஸ் இருந்தா வெளுக்கும். சுண்ணாம்பு பொய் சொல்லாது மக்கா" என்று சந்தை முழுக்க இதே பேச்சு.

அந்தச் சமயத்தில் பண்ணையார் வீட்டுக் கல்யாணம் வந்தது. பந்தலுக்குச் சோடா கொடுக்கிறவன்தான் இனிச் சந்தையில் பெரிய ஆள். இரண்டு பேரும் போய் நின்றோம். பண்ணையார் தலையைச் சொறிந்தார். "சுண்ணாம்பு சொல்லட்டும்!" என்றார் அண்ணாச்சி.

இரண்டு பெரிய கண்ணாடி டம்ளர்களில் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு வந்தது. நான் கொஞ்சம் விட்டதுமே வெளுத்துவிட்டது. அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "சொட்டு விட்டா எவனுக்கும் வெளுக்கும். முழுக் குப்பியையும் ஊத்துலே!" என்றார். ஊற்றினேன். வெள்ளை அப்படியே நின்றது. அவர் ஊற்றினார். வெளுத்தது. ஊற்ற ஊற்ற அந்த வெள்ளை கரைந்து, கடைசியில் டம்ளர் பளிங்காகத் தெளிந்துவிட்டது.

"என்னவே, பாலு வெள்ளமாப் போச்சு?" என்றார் பண்ணையார். கல்யாணச் சோடா எனக்கென்று ஆயிற்று.

மறுநாள் அண்ணாச்சி கடை திறக்கவில்லை. மிஷினை விற்றுவிட்டுக் குலசேகரத்துக்கு ரப்பர் வெட்டப் போகிறார் என்று பேச்சு. நான் குதித்திருக்க வேண்டும். குதிக்கத்தான் செய்தேன். ஆனால் மத்தியானத்துக்குள் புதுப் பொறாமை பிடித்துக்கொண்டது. தோற்கிற போதுகூட மனுஷன் சோடா ஒரு வித்தை காட்டுகிறது, என் சோடாவுக்கு அது வரவில்லையே!

உள்ளே போய் என் சோடாவை ஊற்றிச் செய்து பார்த்தேன். ஒரு குப்பிக்கு வெளுத்தது. இரண்டாவது குப்பிக்குத் தெளிந்தது! அப்போதுதான் விளங்கிற்று. கியாஸ் கொஞ்சம் இருந்தால் சுண்ணாம்பு வெளுக்கும். மிஞ்சினால் அந்த அமிலமே வெள்ளையைக் கரைத்துவிடும். மனுஷன் பலம் கூடித் தோற்றிருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் சந்தை முழுக்க எனக்குத்தான். ஆனால் ஏப்பம் கேட்டால் இனி யார் சண்டைக்கு வருவார்கள்? நினைக்கவே கடை வெறிச்சென்று இருந்தது. டம்ளரையும் குப்பிகளையும் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

செய்து காட்டினேன். அண்ணாச்சி தெளிந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன்.

"அப்போ உனக்க ரெண்டு குப்பி எனக்க ஒத்தக் குப்பிக்குச் சமம். அப்படித்தானேலே?"

"ஆமா அண்ணாச்சி."

"இதைப் பண்ணையாருகிட்ட வந்து சொல்லுவியா?"

பாவி மனுஷன்! போய்ச் சொன்னேன். கல்யாணச் சோடா கைமாறியது.

கல்யாணத்தன்று அவரே ஒரு குப்பியை உடைத்து என் கையில் கொடுத்தார். குடித்தேன். பந்தலே என் வாயைப் பார்த்தது.

"ஏப்பம் வருதாலே?"

"வரலியே அண்ணாச்சி."

நெஞ்சு முட்டியது, மூக்கு எரிந்தது. வாயைத் திறக்காமலே மாப்பிள்ளைக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தென்னந்தோப்புக்கு ஓடினேன். அங்கே விட்டேன் பாருங்கள் ஒரு ஏப்பம், மரத்திலிருந்த காகமெல்லாம் பறந்தது. திரும்பினால் அண்ணாச்சி நிற்கிறார்.

"மரச்சீனி ஏப்பம்" என்றேன்.

அண்ணாச்சி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரி சிரி என்று சிரித்தார்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதெல்லாம் சோடா குடித்தால் ஏப்பம் தாராளமாக வருகிறது. காலையில் என்ன தின்றாய் என்று தெருவைத் தாண்டி வந்து கேட்கத்தான் ஆளில்லை.