தோளின் எல்லைத் தகராறு

எல்லையோர நகரி தமிழ்நாட்டுக்கா, ஆந்திராவுக்கா என்று முடிவாகும்வரை தெலுங்கில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. காதில் விழுந்தாலும் புரிந்துகொள்வதில்லை. எல்லைக் கூட்டத்தில் இப்படிச் சபதம் செய்து நெசவாளி செங்கல்வராயன் வலது கையை உயர்த்தினான். உயர்ந்த கை இறங்கவில்லை. தோள் மூட்டு கழன்றிருந்தது.

கட்டுக்காரர் இழுத்துப் பொருத்தினார். ஆனால் தோளுக்கு அவனளவு கொள்கைப் பிடிப்பு இல்லை. கொடியிலிருந்து வேட்டியை எடுத்தால் கழன்றது. சோம்பல் முறித்தால் கழன்றது. ஏன் இப்படி? தறியில் உட்கார முடியாமல் அதையே யோசித்துக்கொண்டிருந்தான்.

மனைவி இந்திராணி திருப்பதிக்கு அழைத்துப் போனாள். டாக்டரிடம் அவளே முதலில் போய் விவரம் சொல்லிவிட்டு வந்து அவனைக் கூப்பிட்டாள்.

டாக்டர் ஒரு கிண்ணத்தில் எலுமிச்சம்பழத்தை உருட்டிக் காட்டினார். பேச்செல்லாம் தெலுங்கு. செங்கல்வராயனுக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. ஆனால் சபதம். கூரையைப் பார்த்தான்.

"இன்னாடி சொல்றாரு?"

"தோளு ஒரு பந்தாம். கிண்ணத்துல குந்திக்கினு இருக்குதாம். கிண்ணத்து ஓரத்துல வரப்பு மாதிரி குருத்தெலும்பாம். தோளு கழண்டப்போ அது கிழிஞ்சிடுச்சாம். கையைத் தூக்கினா பந்து எல்லை தாண்டிடுதாம்."

"தானா ஒட்டுமா, கேளு."

கேட்டாள். சிலருக்கு ஒட்டும், சிலருக்கு ஒட்டாது என்றார் டாக்டர். பிறகு, "மூடு வாராலு ஏ பனீ செய்யொத்து" என்றார். மூன்று வாரம் எந்த வேலையும் செய்யக் கூடாது! செங்கல்வராயன் முகம் மலர்ந்தது. சட்டென்று அடக்கிக்கொண்டான்.

"இன்னாவாம்?"

"மூணு வாரம் கூட்டத்துக்குப் போய்க் கையைத் தூக்கக் கூடாதாம். வலது கை சும்மா இருக்கணுமாம். இடது கையால மாவாட்டணுமாம்."

"மாவா? எப்ப சொன்னாரு?"

"செய்யி செய்யின்னாரே, காதுல விழலியா?"

"அது செய்யி இல்லடி, செய்யொ..." நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இன்னாய்யா, தெலுங்கு புரியுதா உனக்கு?"

"சேச்சே."

டாக்டர் தோளுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார். மூன்று வாரம் இடது கையால் உளுந்து ஆட்டினான். கூட்டங்கள் அவனில்லாமல் நடந்தன.

மறுபடி திருப்பதி. கட்டை அவிழ்த்த டாக்டர், "எப்படிப்பா, இப்ப கழல்றதில்லையே?" என்றார். சுத்தமான தமிழ்.

செங்கல்வராயன் வாயைப் பிளந்தான். "ஐயாவுக்குத் தமிழ் தெரியுமா?"

"எனக்குச் சொந்த ஊரே சோளிங்கர். உங்க வீட்டம்மாதான், 'தெலுங்குல மட்டும் சொல்லுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்'னாங்க."