வேலுச்சாமியின் முப்பத்தெட்டு நிமிடம்

வேலுச்சாமி குளியலறைக்குள் போய் முப்பத்தெட்டு நிமிடம் ஆகிவிட்டது.

கதவுக்கு வெளியே அரியரத்தினம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் கடிகாரமும் மறுகையில் சிவப்புப் பேனாவுமாக நின்றார். அவருக்குப் பின்னால் வாளிகளோடு பதினொரு பேர் நின்றார்கள். அவர்கள் முகங்களைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை.

"ஐசே வேலுச்சாமி! உள்ளுக்கை என்ன செய்யிறீர்?"

"இந்தா வந்துட்டேண்ணே. ரெண்டே நிமிசம்."

"இதைத்தானே இருவது நிமிசத்துக்கு முன்னமும் சொன்னனீர்?"

கதவு திறந்தது. தோளில் துண்டும் கக்கத்தில் சுருட்டிய மாற்றுத்துணியுமாக வேலுச்சாமி வெளியே வந்தான். யார் முகத்தையும் பாராமல் அறைக்குள் நழுவினான். அரியரத்தினம் தாளில் 38 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

துபாய் ஜெபல் அலி கேம்பில் அந்த பிளாக்கில் பதினாறு பேர். குளியலறை இரண்டு. ஒன்றின் கதவு போன வருஷம் கழன்று விழுந்து, அதை யாரோ படுக்கைப் பலகையாக்கிவிட்டதால், உண்மையில் ஒன்று. சைட் பஸ் அதிகாலை ஐந்தரைக்குப் புறப்படும். பாகிஸ்தான்காரப் பட்டாணிய டிரைவர் மூன்று முறை ஹாரன் அடித்து, புறப்படச் சொல்லி "யல்லா" என்பான். அதற்குப் பிறகு பெற்ற தகப்பன் ஓடி வந்தாலும் நிறுத்தமாட்டான். வாரத்துக்கு மூன்று பேராவது பஸ்ஸை விட்டுவிட்டு, அந்த நாள் சம்பளத்தையும் விடுவது வழக்கம்.

இந்த வழக்கத்தை ஒழிப்பதுதான் அரியரத்தினத்தின் புராஜெக்ட்.

அவர் அந்தக் கம்பெனியில் டைம் கீப்பர். நாற்பத்தொரு வயது. ஊர் சாவகச்சேரி. லண்டனில் இருந்து தபாலில் வரும் பாடங்களை வைத்து திட்ட முகாமைத்துவம், அதாவது புராஜெக்ட் மேனேஜ்மென்ட், படித்துக்கொண்டிருந்தார். கட்டடத் தொழிலில் இனி இந்தப் படிப்புக்குத்தான் மதிப்பு என்று எவரோ சொல்லி, பதினொரு பாடம் முடித்திருந்தார். பன்னிரண்டாவது பாடம் செய்முறை. ஏதாவது ஒரு வேலையைத் திட்டமிட்டு, ஆறு நாள் பிசகில்லாமல் நடத்திக் காட்டி, மேலதிகாரியின் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். 1984 மார்ச் முடிவதற்குள் சான்றிதழ் வந்தால் ஆபீஸில் பிளானிங் அசிஸ்டன்ட் வேலை. பிளானிங் அசிஸ்டன்ட்டுக்குக் குடும்ப விசா உண்டு. மனைவி கமலேஸ்வரியைப் பார்த்து மூன்று வருஷமாகிறது. ஆள் அதை நினைத்தால் சாப்பிடக்கூட மறந்துவிடுவார்.

பெரிய எஞ்சினியர் முஸ்தபா எகிப்துக்காரர். காதில் எப்போதும் ஒரு பென்சில் சொருகியிருக்கும். "சைட்டில் கை வைக்காதே. கேம்பில் என்ன வேண்டுமானாலும் செய்து கொள்" என்று அனுமதி கொடுத்திருந்தார்.

அன்று மாலை அரியரத்தினம் சுவரில் பெரிய சார்ட் ஒன்றை ஒட்டினார். ஆளுக்கு ஆறு நிமிடம். மூன்று ஐம்பதுக்கு முதல் ஆள், ஐந்து இருபதுக்குக் கடைசி ஆள்.

"இது என்ன படம்ண்ணே? கோடு கோடா இருக்கு?" என்று வேலுச்சாமி கிட்டே வந்து பார்த்தான். அவன் திண்டுக்கல் பக்கம். ஊரில் ஏதோ படித்தவன் என்று பேச்சு. விசாவில் ஹெல்பர் என்று இருந்ததால் யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

"இது பெரிய படிப்பு. உமக்கு விளங்காது. நீர் ஆறு நிமிசத்திலை வெளியிலை வாரும், அது போதும்."

"சரிண்ணே."

சனிக்கிழமை திட்டம் தொடங்கியது. எல்லோர் கையிலும் அலாரம் வைத்த கைக்கடிகாரம் இருந்தது. அவரவர் நேரத்துக்கு அவரவர் அலாரம் வைத்துக்கொண்டார்கள். மூன்று ஐம்பதில் தொடங்கி ஆறு நிமிடத்துக்கு ஒருதரம் ஏதாவது ஒரு கடிகாரம் கீச்சிட்டது. ஒவ்வொரு கீச்சுக்கும் பதினாறு பேரும் விழித்து, நாலரைக்கு முன்னால் லைட் போடக்கூடாது என்ற அரியரத்தினத்தின் பழைய சட்டப்படி இருட்டிலேயே தடவிப் பார்த்து, தன்னுடையதில்லை என்று தெரிந்து, திரும்பப் படுத்தார்கள். தன்னுடையது அடித்தபோது நான்கு பேர் அதையும் பக்கத்துக் கட்டிலுடையது என்று நினைத்துத் தூங்கிப்போனார்கள். பஸ் நான்கு பேர் குறைச்சலாகப் போயிற்று.

"அலாரம் வேண்டாம். நானே தட்டு அடிக்கிறன்" என்றார் அரியரத்தினம்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு எவர்சில்வர் தட்டை அடித்தார். பதினாறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். குளிக்க ஒருவர் போக, மிச்சப் பதினைந்து பேரும் சமையலறைக்குள் நுழைந்து டீ கேட்டார்கள். சமையல்காரர் சேதுபதி தனி ஆள்.

"அரி அண்ணே, எனக்குக் கை ரெண்டுதான்! எல்லாரையும் ஒருமிக்க எழுப்பி என் தலையிலயா கட்டுவீங்க?"

சேதுபதி கத்திக்கொண்டிருந்ததில் சப்பாத்தி கருகியது. புதுச் சப்பாத்திக்குக் காத்திருந்த ஐந்து பேரை பஸ் விட்டுவிட்டது.

திங்கட்கிழமை, கதவில்லாத குளியலறையையும் சேர்த்து இரண்டாக்கினால் நேரம் பாதியாகும் என்று கணக்குப் போட்டார் அரியரத்தினம். கணக்கு சரிதான். கதவுக்குப் பதிலாகத் தன் படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டார். கடல்காற்று இருப்பது மட்டும் கணக்கில் வரவில்லை. மேசன் பத்மநாபன் உள்ளே இருக்கும்போது விரிப்பு பறந்து போய் பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. டிரைவர் விரிப்பை விலக்கிவிட்டுப் பார்த்தான். "தோபா, தோபா" என்று கண்ணை மூடிக்கொண்டு ஹாரன் அடித்தான். அதே நேரத்தில் இரண்டு குழாயும் ஓடிக் கூரைத் தொட்டி காலியாகிவிட்டது.

"அரியண்ணை!" என்று மற்றக் குளியலறையிலிருந்து நாகலிங்கத்தின் குரல். "தலையிலை சோப்பு! தண்ணி இல்லை!"

அவன் அந்த நுரையோடேயே பஸ் ஏறினான். மற்ற ஏழு பேருக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

செவ்வாய்க்கிழமை எஞ்சினியர் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ திட்டம் போடுவதற்கு முன்னால் வாரத்துக்கு மூன்று பேர் வரமாட்டார்கள். இப்போது மூன்று நாளில் பதினாறு பேர். இதற்குப் பெயர் என்ன?"

"இது ஆரம்பக் கட்டம் சேர்."

"அடுத்த வாரம் கடைசி. அதற்குப் பிறகு கலாஸ், முடிந்தது. அந்த வேலைக்கு வேறு ஆள் பார்த்துவிடுவேன்."

அரியரத்தினம் அறைக்கு வந்து பாடங்களை எடுத்து மறுபடி படித்தார். புத்தகங்கள் எல்லாம் நமுத்துப்போன அப்பளமாக நெளிந்திருந்தன. கடலோரக் காற்றின் ஈரம் என்று அலுத்துக்கொண்டார். எந்த ஒரு காரியம் தாமதமானால் மொத்த வேலையும் தாமதமாகுமோ, அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும் என்று ஒன்பதாம் பாடம் சொன்னது. அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிர்க் கட்டிலில் வேலுச்சாமி வேட்டியை மடித்துக்கொண்டிருந்தான்.

"ஐசே, உமக்கு வயிறு கோளாறோ?"

வேலுச்சாமி சற்றுத் தயங்கினான். "ஆமாண்ணே. கொஞ்சம்."

"முதலே சொல்லியிருக்கலாமே! ஒளிக்கிற விசயமே இது?"

அரியரத்தினத்துக்கு உண்மையிலேயே இரக்கமாகத்தான் இருந்தது. புதன்கிழமை மாலை எங்கேயோ தேடிப் பிடித்து விளக்கெண்ணெய் வாங்கி வந்து, தன் கையாலேயே இரண்டு கரண்டி கொடுத்தார். வேலுச்சாமி மறுபேச்சில்லாமல் விழுங்கினான். வியாழக்கிழமை மூன்றரைக்கு உள்ளே போனவன், வெளியே வருவதும் பாதி வழியில் திரும்பி ஓடுவதுமாக இருந்தான். ஒன்பது பேர் பஸ்ஸை விட்டார்கள். அதில் வேலுச்சாமியும் ஒருவன்.

வெள்ளிக்கிழமை லீவு. அரியரத்தினத்தோடு யாரும் பேசவில்லை. சேதுபதி டீயைத் தட்டென்று வைத்துவிட்டுப் போனார். பழைய சார்ட்டையே சுத்தமாக இன்னொரு தாளில் வரைந்து ஒட்டிவிட்டு, 'இந்த வருஷமும் உம்மை இஞ்சை கூப்பிட ஏலாது போலை' என்று கமலேஸ்வரிக்கு ஒரு கடிதம் எழுதினார். பிற்பகலில் ஏசி ரிப்பேரைப் பார்க்க எஞ்சினியர் கேம்புக்கு வந்தபோது, அரியரத்தினம் போர்வைக்குள் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் எழுந்து பார்த்தால், சார்ட்டில் பென்சிலால் யாரோ திருத்தியிருந்தார்கள்.

சிமெண்ட் வேலை செய்யும் ஏழு பேருக்குக் காலைக் குளியல் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. 'எப்படியும் வேலை விட்டு வந்து குளிப்பார்கள். காலையில் வெளிக்குழாயில் முகம் கழுவினால் போதும்' என்று ஆங்கிலத்தில் குறிப்பு. மிச்ச எட்டுப் பேருக்கு நாலு மணியிலிருந்து ஆறாறு நிமிடம். டீக்கு இரண்டு பந்தி. எல்லாவற்றுக்கும் மேலே, மூன்றேகாலிலிருந்து நாலு வரை, வேலுச்சாமி மட்டும்.

அரியரத்தினம் பிரமித்துப்போனார். எஞ்சினியருக்கு வேலுச்சாமியின் வயிறு வரைக்கும் தெரிந்திருக்கிறது!

சனிக்கிழமை ஐந்து இருபதுக்குப் பதினாறு பேரும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் எண்ணிப் பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினான். ஹாரன் அடித்துக் கூப்பிட ஆளில்லாமல் சும்மா ஒருமுறை அடித்துக்கொண்டான். ஞாயிறும் அப்படியே. வியாழன் வரை அப்படியே.

"உங்கடை திருத்தத்துக்கு நன்றி சேர்" என்றார் அரியரத்தினம், கையெழுத்து வாங்கும்போது.

எஞ்சினியருக்குத் தன் திருத்தம் என்றால் எது என்று நினைவில்லை. ஒரு நாளில் நூறு தாள் திருத்துகிறவர். "நல்லது, நல்லது" என்று பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார்.

மார்ச் இருபத்தாறாம் தேதி சான்றிதழ் வந்தது. மாதம் முடிவதற்குள் வேலையும் கிடைத்தது. குடும்ப விசாவுக்குத் தாள்கள் போயின. அரியரத்தினம் கேம்பைக் காலி செய்யும் அன்று சேதுபதி சேமியாப் பாயசம் வைத்தார். நாகலிங்கம் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, சோப்பு நுரையை மன்னித்துவிட்டதாக அறிவித்தான். அரியரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல மனிதர்களைத் தூங்கவிடாமல் செய்தோமே என்று நினைத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு பன்னிரண்டு புத்தகங்களையும் பெட்டியில் அடுக்கினார். வேலுச்சாமி பக்கத்தில் வந்து நின்றான்.

"வயிறு இப்ப எப்பிடி?"

"பரவாயில்லண்ணே."

"எல்லாம் ஒழுங்காய்த் திட்டம் போடிறதிலைதான் இருக்கு, ஐசே" என்று அவன் தோளில் தட்டினார் அரியரத்தினம். "நீரும் ரெண்டு எழுத்துப் படிச்சால் இப்பிடி மேலை வரலாம். அறையிலைதான் நாலரைக்கு முன்னம் லைட் போடக்கூடாதெண்டு நான் சட்டம் வைச்சிட்டன். இனி நான் இல்லை. ஆசையிருந்தால் விடியவே லைட்டைப் போட்டுப் படியும்."

வேலுச்சாமியின் முகம் மலர்ந்தது. தலையைச் சொறிந்தான். அடுக்கிய புத்தகங்களையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ரொம்ப நன்றிண்ணே, பாத்ரூம்ல வச்சுப் படிச்சா உங்க புத்தகமெல்லாம் ஈரமாயிருது... அது கெடக்கட்டும், நான் சார்ட்டுல பென்சில்ல போட்டது சரியான்னு பாக்கணும், பதிமூணாம் பாடம் எப்பண்ணே வரும்?"