நெற்றிச் சுருக்கமும் 'எதற்கும் இருக்கட்டும்' சுகுணாவும்

'எதற்கும் இருக்கட்டும்' என்றொரு இனம் நம் நடுவே வாழ்கிறது. காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டு, மேலே கஷாயம் குடித்து, வேப்பிலையால் மந்திரித்து, மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் முடிந்தும் வைத்துவிட்டு, எதனால் குணமானது என்று கேட்டால் நாலுக்கும் நன்றி சொல்கிற இனம். இவர்களுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. யார் சொன்னதையும் தள்ளவும் மனம் வராது. இந்த இனத்தின் முகத்தில் சுருக்கம் விழும்போதுதான் வேடிக்கை களைகட்டும்.

நல்லம்பள்ளி சுகுணாவைப் பாருங்கள். வயது ஐம்பத்தொன்று, தாலுகா ஆபீஸில் உத்தியோகம், மகள் வெண்மதிக்கு அரூரில் மாப்பிள்ளை. பெண் பார்க்க வந்த கூட்டத்தில் எவரோ ஒரு புண்ணியவான், "பொண்ணோட ஆயாங்களா?" என்று அவளைப் பாட்டியாக்கிக் கும்பிட்டுவிட்டார். தீர்ந்தது. அன்றிலிருந்து சுகுணா கண்ணாடியை விட்டு நகரவில்லை. நிச்சயதார்த்தத்துக்குள் முகம் சரியாக வேண்டும். இல்லாவிட்டால் போட்டோவில் ஆயுசுக்கும் ஆயாதான்.

விசாரணை ஆரம்பமாயிற்று. விசாரிப்பதில்தானே இந்த இனத்துக்கு உயிர்! ஆபீஸ் யுவராணி லேசர் என்றாள். பக்கத்து வீட்டு தெரசா, ராத்திரியில் பூசுகிற கிரீம் என்றாள். போன் நாளெல்லாம் பப்பாளியையும் தயிரையும் காட்டிக்கொண்டே இருந்தது. சுகுணா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கையில் அகப்பட்ட கேழ்வரகு மாவையும் குழைத்துப் பூசிக்கொண்டாள். கணவர் மாதேஷ் மட்டும், "களி கிண்ட மாவு இல்லாம பண்ணிட்டியே" என்றார். ஆண்களுக்கு என்ன? அவர்களுக்குச் சுருக்கம் விழுந்தால் அதற்கு அனுபவம் என்று பெயர்.

தருமபுரித் தோல் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"கிரீம்னா மாசக்கணக்கா பூசணுங்க. லேசர்னா மூஞ்சி கொஞ்ச நாள் செவந்திருக்கும். அவசரம்னா ஊசிதான், நெத்தித் தசைய அசையாமப் பண்ணிரும், அதுவும் சில மாசந்தான் நிக்கும். ஏதாச்சும் ஒண்ண முடிவு பண்ணுங்க."

"ஊசியே போட்டுடுங்க."

"போட்டபெறகு இன்னிக்குப் பூரா மூஞ்சியத் தேய்க்கக் கூடாது, அமுக்கக் கூடாது. மருந்து வேற எடத்துக்குப் போயிரும்."

சுகுணா பயபக்தியோடு தலையாட்டினாள்.

தலையாட்டியவள் ஊசி போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனாளா? பஸ் ஸ்டாண்டில் ஒகேனக்கல் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஊசி என்றால் உடம்புக்குச் சூடு. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சூடும் இறங்கும், நீவி விடுவதில் மிச்சம் மீதி சுருக்கமும் ஓடிப்போகும் என்று எப்போதோ யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. எதற்கும் இருக்கட்டும். காவிரிக் கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் அம்மாள், சுகுணாவின் வலது புருவத்தில் கட்டைவிரலை ஊன்றி, கல்லில் துணி துவைக்கிற வேகத்தோடு நெற்றியை நீவு நீவென்று நீவினாள். சுகுணாவுக்குச் சொர்க்கமே தெரிந்தது.

நிச்சயதார்த்தத்துக்குள் நெற்றி வழவழவென்று ஆகிவிட்டது. வலது இமைதான் பாதிக் கண்ணுக்குத் தொங்கியது. போனில் டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி: "தேச்சீங்களா?"

மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சசிகலா, சுகுணாவின் கண்ணையே பார்த்தார். கணவர் காதில் ஏதோ சொன்னார். மாற்ற வேண்டிய தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க வூட்டுல யாருக்காச்சும் பக்கவாதம் உண்டுங்களா? பின்னால பொண்ணுக்கும் வந்துட்டா..."

வெண்மதி அம்மாவைப் பார்த்தாள். சுகுணாவுக்கு இரண்டே வழி. வாயைத் திறந்தால் மானம் போகும், மூடிக்கொண்டால் மகளின் கல்யாணம் போகும். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாத இக்கட்டு, அவள் வாழ்க்கையில் அன்றுதான் முதன்முதலாக வந்தது.

"வாதமெல்லாம் இல்லீங்க. சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கிட்டேன். அன்னிக்கே போயி எண்ணெயும் தேச்சுக்கிட்டேன். அதான் கண்ணு எறங்கிடுச்சு. சில வாரத்துல சரியாயிடும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

சொல்லிவிட்டு அழுதாள், பாவம். அழுதபோதும் நெற்றி அசையவில்லை.

சசிகலா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சுகுணாவின் நெற்றியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நெத்திக்கு மட்டுந்தான் போடுவாங்களா, கழுத்துக்கும் உண்டுங்களா?" என்றார்.

தட்டு மாறியது. பந்தியில் பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சுகுணாவைச் சூழ்ந்துகொண்டார்கள். டாக்டரம்மாவின் முகவரியைக் கேட்ட அத்தனை பேரும், எண்ணெய் தேய்த்துவிட்ட அம்மாள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. தாராளமாகச் சிரியுங்கள். கண்ணோரத்தில் விழுகிற கோடெல்லாம் சிரித்துச் சிரித்தே விழுகிறது என்றுதான் டாக்டரம்மா சொல்கிறார்.

அட, ஏன் நிறுத்திவிட்டீர்கள்?